பட்டாணியை எண்ணிப் பாருங்கள்

மெண்டல் விதி என்றதும் நாங்கள் கரும்பலகையில் 3:1 என்று எழுதுகிறோம். நீங்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறீர்கள். அந்த 3 எங்கிருந்து வந்தது? எண்ணியதால் வந்தது. ஆகவே மரபியலை எட்டாம் வகுப்பிலேயே கையால் செய்து பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? மெண்டலே வியன்னாவில் டாப்ளரிடம் இயற்பியல் பயின்றவர்தான்!

மஞ்சள் பருப்புப் பட்டாணியையும் பச்சைப் பருப்புப் பட்டாணியையும் அவர் கலந்தார். முதல் தலைமுறை விதைகள் எல்லாமே மஞ்சள். அவற்றை விதைத்து, 258 செடிகளின் விதைகளை எண்ணினார்: மஞ்சள் 6022, பச்சை 2001. ஏறக்குறைய 3:1. ஆனால் தனிச் செடிகளைப் பாருங்கள். ஒன்றில் 32க்கு 7. மற்றொன்றில் 24க்கு 13! ஒரு செடியோடு நின்றிருந்தால் விதி புலப்பட்டிருக்காது.

உதகை, குன்னூர் மாணவர்களே, உங்கள் ஊர்க் குளிர் பட்டாணிக்கு மிகவும் ஏற்றது. பள்ளித் தோட்டத்தில் இரண்டு பாத்தி போதும். மளிகைக் கடையில் முழுதாக உள்ள வெள்ளைப் பட்டாணியும் சாயம் ஏற்றாத பச்சைப் பட்டாணியும் வாங்குங்கள். ஒன்றிரண்டின் தோலை உரித்துப் பருப்பின் நிறத்தை உறுதி செய்துகொண்டு, மற்றவற்றை விதையுங்கள்.

பட்டாணி தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. எனவே ஒரு செடியில் மொட்டு விரியுமுன் மகரந்தப் பைகளை இடுக்கியால் அகற்றி, மற்ற வகையின் மகரந்தத்தைச் சூல்முடியில் தடவுங்கள். நூல் கட்டி அடையாளமிடுங்கள். அதில் விளைந்த விதைகளை அடுத்த போகத்தில் விதைத்து, தாமாகவே காய்க்க விடுங்கள். இளங்காயில் எல்லாப் பருப்பும் பச்சைதான். முற்றிக் காய்ந்த பிறகே எண்ணுங்கள்.

இது விளையாட்டல்ல. 1961ல் நீலகிரியில் உருளைக்கிழங்கின் வேரைத் தாக்கும் நூற்புழு கண்டறியப்பட்டது. உதகையை அடுத்த முத்தோரை ஆராய்ச்சி நிலையம் கலப்பின் மூலமே அதை எதிர்க்கும் ரகங்களை உருவாக்கியது. 1985ல் வெளிவந்த குப்ரி ஸ்வர்ணா அவற்றுள் ஒன்று. அங்கும் வேலை இதுதான்: கலத்தல், விதைத்தல், பொறுக்குதல்.

ஒரே வேண்டுகோள். 'சரியான விடை'க்காக அளவீட்டைத் திருத்தும் மாணவர்களைக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் காண்கிறேன். அந்தப் பழக்கம் பள்ளியிலேயே வேர்விட்டு விடுகிறது. உங்களுக்கு 19க்கு 9 வந்தால் 19க்கு 9 என்றே எழுதுங்கள். வகுப்பிலுள்ள எல்லோருடைய கணக்கையும் கூட்டிப் பாருங்கள். விதி தானாகவே தலைகாட்டும்.