வேலியை அடைக்கலாம், ஆனால் வேலியை 'என்க்ளோஸ்' பண்ண முடியாது

ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல். நமது பாடசாலைகளில் பெரும்பாலும் ஆங்கிலம் இப்படித்தான் படிப்பிக்கப்படுகிறது. கரும்பலகையில் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பிள்ளை இருபது சொல்லைப் பாடமாக்கி மறுநாள் ஒப்புவிக்கிறது. பெயர்ச்சொற்களுக்கு இது ஓரளவு சரிவரும். மேசை மேசைதான், குடை குடைதான். வினைச்சொற்களுக்கு வரும்போது இந்த முறை பிள்ளைக்கு உதவுவதைவிடக் காலை வாரிவிடுவதே அதிகம் என்பது எனது கருத்து. ஒரேயொரு சொல்லை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தச் சொல் 'என்க்ளோஸ்'.

நமது பிள்ளைகளுக்கு இந்தச் சொல் எங்கே அறிமுகமாகிறது? வேலைக்கு விண்ணப்பிக்கும் கடிதத்தில். "எனது சான்றிதழ்களின் பிரதிகளை இத்துடன் இணைத்துள்ளேன்" என்ற வசனத்துக்காக. ஆகவே கொப்பியில் 'என்க்ளோஸ் என்றால் இணைத்தல்' என்று எழுதியாயிற்று. கடிதத்துக்குப் புள்ளியும் கிடைத்துவிடும்.

அதே பிள்ளை வாசிப்புப் பகுதியில் மதிலால் 'என்க்ளோஸ்' செய்யப்பட்ட ஒரு தோட்டத்தைக் காண்கிறது. மதிலோடு இணைந்த தோட்டம் என்று விளங்கிக்கொள்கிறது. இருமொழிக் கல்வியில் கணிதம் படிக்கும் பிள்ளை, ஒரு வளைகோடும் ஒரு நேர்கோடும் 'என்க்ளோஸ்' செய்யும் பரப்பளவைக் காணச் சொல்லும் வினாவில் எதை எதோடு இணைப்பது என்று முழிக்கிறது. கணக்கு தெரியாமல் அல்ல, சொல் காலை வாரிவிட்டது.

இந்தச் சொல்லின் வேர் லத்தீன். மூடுதல் என்று பொருள்படும் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'இன்க்ளூட்' என்ற சொல்லும் இதே வேரில் பிறந்த சகோதரம்தான். அடிப்படைப் பொருள் ஒன்றே ஒன்று: சுற்றிவரத் தடுத்து உள்ளே அடைத்தல். தோட்டத்தை மதில் அடைக்கிறது. பரப்பைக் கோடுகள் அடைக்கின்றன. சொற்களை அடைப்புக்குறி அடைக்கிறது. கடித உறைக்குள் கடிதத்தோடு சான்றிதழையும் வைத்து மூடுகிறோமே, அதுவும் அடைப்புத்தான். இரண்டு அர்த்தம், மூன்று அர்த்தம் என்று பிள்ளையைப் பயமுறுத்தத் தேவையில்லை.

பாருங்கள், நம்மிடமே 'அடை' என்ற அருமையான வினை இருக்கிறது. கோழியைக் கூட்டில் அடைக்கிறோம். மாட்டைப் பட்டியில் அடைக்கிறோம். தேனைப் போத்தலில் அடைக்கிறோம். 'இணை' என்பதைவிட 'அடை' என்று தொடங்கினால் பிள்ளை பாதித் தூரம் வந்துவிடும்.

பாதித் தூரம்தான். மீதியில் ஒரு குழி இருக்கிறது. தமிழில் 'கோழியை அடைத்தார்' என்றும் சொல்லலாம், 'வேலி அடைத்தார்' என்றும் சொல்லலாம். உள்ளே இருப்பதும் அடைபடும், சுற்றி நிற்பதும் அடைபடும். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. 'என்க்ளோஸ்' என்ற வினைக்குச் செயப்படுபொருளாக வருவது உள்ளே இருப்பது மாத்திரமே. காணியை வேலியால் 'என்க்ளோஸ்' செய்யலாம். வேலியை 'என்க்ளோஸ்' செய்தேன் என்று எழுதினால், வேலியைச் சுற்றி இன்னொரு வேலி போட்டதாக ஆகிவிடும்! பிள்ளை இந்தப் பிழையை விடுவது மடைத்தனத்தால் அல்ல. தனது தாய்மொழியின் ஒழுங்கைச் சரியாகப் பின்பற்றியதால். அந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுக்காமல் சிவப்பு மையால் வெட்டுவது நியாயமா?

கூடவே வரும் சிறு சொற்களும் முக்கியம். மதிலால் அடைபட்டிருக்கிறது என்ற நிலையைச் சொல்ல 'பை'. ஒருவர் வேலியைக் கொண்டு அடைத்தார் என்றால் 'வித்'. அடைப்புக்குறிக்குள், கண்ணாடிப் பெட்டிக்குள் என்றால் 'இன்'. தனியே பாடமாக்கினால் இவை நிற்காது, வசனத்தோடு போனால் நிற்கும்.

அடுத்தது அயல் வீட்டுச் சொற்கள். இலங்கை கடலால் சூழப்பட்ட நாடு. அதற்குச் சொல் 'சரவுண்ட்'. கடல் நம்மைச் சூழ்ந்திருக்கிறது, அடைத்து வைக்கவில்லை. பொலிஸார் ஒரு வீட்டைச் சுற்றிவளைத்தாலும் 'சரவுண்ட்' தான். காணி உறுதியை எடுத்துப் பாருங்கள். பழைய ஆங்கில உறுதிகளில் வடக்கே இது, கிழக்கே இது என்று எல்லை சொல்லும் இடத்தில் 'பவுண்டட்' என்று இருக்கும். அது எல்லை எது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த எல்லையில் வேலி நிற்கிறது என்று சொல்லவில்லை. மூன்று சொல்லையும் 'சூழ்ந்த' என்று ஒரே சொல்லால் மொழிபெயர்த்துப் படித்த பிள்ளை நாளை தன் வாப்பாவின் உறுதியை எப்படி வாசிக்கும்?

கடிதத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. உறைக்குள் வைத்து அனுப்புவது 'என்க்ளோஸ்'. மின்னஞ்சலோடு கோப்பைச் சேர்ப்பது 'அட்டாச்'. தமிழில் இரண்டுக்கும் 'இணைத்துள்ளேன்' போதும் என்பதால் நாம் இதைக் கவனிப்பதில்லை. "என்க்ளோஸ்ட் ஹியர்வித் பிளீஸ் ஃபைன்ட்" என்ற பழைய கந்தோர் வாய்பாட்டையும் இனி விட்டுவிடலாம். "ஐ என்க்ளோஸ்" என்று நேராகத் தொடங்குவதே இன்றைய நல்ல ஆங்கிலம்.

இன்னொரு காரணமும் உண்டு. சொல்லுக்குள் சரித்திரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட சட்டங்கள் மூலம் சுமார் 68 இலட்சம் ஏக்கர் நிலம் அடைக்கப்பட்டது. ஊர் மக்கள் பொதுவில் மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய நிலங்களும் அவற்றில் அடங்கும். அந்த நடவடிக்கையின் பெயரே 'என்க்ளோஷர்' தான். அதே ஆங்கிலேயர் இங்கே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் எல்லாம், மறுதலையாக நிரூபிக்கும் வரை முடிக்குரியவை என்றது அது. தலைமுறையாகச் சேனை செய்தவருக்கு அந்தச் சட்டம் வைத்த பெயர் அத்துமீறுபவர். வேலி யாருடைய கையில் இருக்கிறதோ அவரே மற்றவரை அத்துமீறுபவர் என்கிறார். ஒரு வினைச்சொல்லில் யார் அடைக்கிறார், யார் அடைபடுகிறார் என்று கேட்கப் பழகிய பிள்ளை, அந்தக் கேள்வியைச் சட்டத்திடமும் கேட்கும்.

"நாற்பது நிமிடப் பாடவேளை, நாற்பது பிள்ளைகள், முடிக்க வேண்டிய பாடத்திட்டம். இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்று ஆசிரிய நண்பர்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நானும் அதே வகுப்பறையில்தான் நிற்கிறேன். ஆனால் இருபது சொல்லைக் கொடுத்து மறுவாரம் பதினைந்தை மறக்கவிடுவதும் நேர விரயம்தானே? இருபதுக்குப் பதில் ஐந்து வினைகள் கொடுப்போம். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: யார் செய்கிறார்? எதைச் செய்கிறார்? எதனால் அல்லது எதற்குள்? பிறகு பிள்ளையின் வீட்டிலிருந்தே ஒரு வசனம். கலாசாலையில் நமக்குக் கற்றுத்தந்ததும் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போ என்பதுதான்.

பெற்றோருக்கும் ஒன்று. பிள்ளையிடம் "இந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?" என்று கேட்பதை நிறுத்துங்கள். "இதை வைத்து நம்ம வீட்டைப் பற்றி ஒன்று சொல்லு" என்று கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

அடுத்ததாக நமது 'போடு' பற்றி எழுதலாம் என்றிருக்கிறேன். லைட் போடுகிறோம், சட்டை போடுகிறோம், தேத்தண்ணி போடுகிறோம், சத்தமும் போடுகிறோம். பிள்ளைகள் இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிப் 'போடுகிறார்கள்' என்று உங்கள் வகுப்பில் கண்டதைக் கீழே எழுதுங்கள். சிரிக்க அல்ல, சேர்ந்து திருத்த.