எந்தக் கமெரா?

சாகாமக் குளத்துப் பறவைகளைப் படமெடுக்க விரும்பும் மாணவர் ஒருவர் சென்ற கிழமை என்னிடம் வந்தார். "சேர், கைக்கு அடக்கமான கமெரா வாங்குவதா, வில்லை மாற்றும் கமெரா வாங்குவதா?" என்று வினவினார். கேள்வி சிறிது; அதன் விடையை அறிய நான் கொடுத்த விலையோ பெரிது.

1978ஆம் ஆண்டு, என் சம்பளச் சேமிப்பில் வில்லை மாற்றும் கமெரா ஒன்றை வாங்கினேன். அக்காலத்தில் சாகாமத்து வயலில் என் வாப்பா எருமைகளைப் பிணைத்துச் சூடு மிதிப்பார். "நம்மட களவெட்டியையும் ஒரு படம் எடு மகன்" என்று பலமுறை கேட்டார். வைக்கோல் தூசி உள்ளே புகுந்துவிடும் என்றஞ்சிக் கமெராவை அலுமாரியிலேயே பூட்டி வைத்தேன். அடுத்த போகத்துக்கு வாப்பா இல்லை. பின்னர் எருமைகளும் போயின, இயந்திரம் வந்தது. பூட்டிவைத்த வில்லையிலோ, கடலோரத்து ஈரக்காற்றால் பூஞ்சணம் படர்ந்தது.

இதனால் அக்கமெராவை நான் இகழ்வதாகக் கொள்ளற்க. சிறிய கமெராக்கள் பலவற்றின் ஒளியுணரி ஏறக்குறைய 28 சதுர மில்லிமீற்றர். வில்லை மாற்றும் கமெராக்கள் பலவற்றிலோ அது ஏறக்குறைய 13 மடங்கு பெரிது. விடியலின் மங்கிய ஒளியில் தொலைவிலுள்ள நாரையைத் தெளிவாகப் பிடிக்க அதுவும் நெடுவில்லையும் வேண்டும். ஆனால் கமெராவை வாங்குவது செலவின் தொடக்கமே. வில்லைகளின் விலையும் சுமையும் பின்னால் வரும்.

கருவியின் எளிமை கலைக்குத் தடையன்று. 1925இல் லைப்சிக் சந்தையில் அறிமுகமான லைக்கா, 1930 வரை நிலையாகப் பொருத்திய ஒரே வில்லையோடுதான் விற்பனையாயிற்று. பின்னர் வில்லை மாற்றும் வசதி வந்தபோதும், பிரெஞ்சுக் கலைஞர் கார்ட்டியே-பிரசோன் பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றோடேயே உழைத்தார்.

"கைபேசி இருக்க, சிறிய கமெரா எதற்கு?" என்பாரும் உளர். அண்மைக் காட்சிக்குக் கைபேசி போதும். குளத்தின் அக்கரையை அருகிழுத்துக் காட்ட, நீண்ட தூரம் உருப்பெருக்கும் சிறிய கமெராவே உதவும்.

ஆகவே மாணவரிடம் சொன்னேன்: "முதலிற் சிறியதை வாங்கும். ஓராண்டு கிழமைதோறும் குளத்துக்குச் செல்லும். அதன் குறை உமது கண்ணுக்கே தெரிந்தபின் மற்றதை வாங்கலாம். போகும் வழியில் வயலில் நிற்போரையும் படமெடும். பறவை அடுத்த ஆண்டும் வரும்."