பஸ் ஏறும் முன் பத்து நிமிடம்

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி அவர். திங்கட்கிழமை கிளம்பினால் மதுரை, கோவில்பட்டி, திருநெல்வேலி, நாகர்கோவில் என்று சுற்றிவிட்டு சனிக்கிழமைதான் வீடு திரும்புவார். ஒரு நாளைக்கு எட்டு, பத்து கடைகள். ஆர்டர், பாக்கி, புகார் என எல்லாவற்றையும் டைரியில் எழுதிக்கொள்வார்.

இருந்தும் ஒருநாள் திருநெல்வேலிக் கடைக்காரர் கேட்டார்: “டேமேஜ் பீஸ் ஆறு டஜன் மாத்தித் தர்றேன்னு போன மாசம் சொன்னீங்களே தம்பி, என்னாச்சு?”

அவருக்குச் சுத்தமாக நினைவில்லை. டைரியைப் புரட்டிக் கண்டுபிடிப்பதற்குள் கடைக்காரர் வேறு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்று புது ஆர்டர் இல்லை. ‘தம்பி சொன்னா செய்வாரு’ என்ற பெயரும் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

மறப்பது இயல்பு. ஜெர்மன் உளவியல் அறிஞர் ஹெர்மன் எபிங்காஸ், பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்துப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் மறந்துவிடுவதை 1885-ல் வெளியான தன் நூலில் எழுதினார். கடைப் பேச்சு அவ்வளவு வேகமாக மறக்காது. ஆனால் ஒரே நாளில் பத்து கடை ஏறினால், ஒரு கடையின் பேச்சு இன்னொரு கடையோடு கலந்துவிடும்.

அதனால் அவர் பழக்கத்தை மாற்றினார். கடையை விட்டு இறங்கியதும் பக்கத்து டீக்கடையில் பத்து நிமிடம். எழுதி முடித்த பிறகுதான் அடுத்த பஸ். டைப் செய்யச் சலிப்பாக இருந்தால் கீபோர்டின் மைக்கைத் தொட்டுத் தமிழிலேயே பேசிவிடுகிறார்.

இன்னொரு மாற்றம்தான் முக்கியமானது. முன்பு நாள்வாரியாக எழுதியவர், இப்போது கடைவாரியாக எழுதுகிறார். போனில் உள்ள நோட்ஸ் ஆப்பில் ஊர் பெயரோடு கடைக்கு ஒரு பக்கம். புதிய குறிப்பு எப்போதும் மேலே. ஒவ்வொரு முறையும் நான்கே வரிகள்:

• தேதி, பேசியவர் யார்
• அவர் கேட்டது என்ன
• ஒப்புக்கொண்டது என்ன
• எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும்

நான்காவது வரி உடனே காலண்டரில் நினைவூட்டலாக ஏறிவிடும். பில், விசிட்டிங் கார்டு போட்டோக்களும் அந்தந்தக் கடையின் பக்கத்திலேயே சேரும். கேலரியில் கிடந்தால் கல்யாணப் படங்களுக்கு நடுவே தேட வேண்டும். போன் வேண்டாம் என்பவர்கள் நீள நோட்டில் கடைக்கு நான்கு பக்கம் ஒதுக்கி, முதல் பக்கத்தில் அட்டவணை போட்டுக்கொள்ளலாம்.

இரவு லாட்ஜுக்குத் திரும்பியதும், ஒப்புக்கொண்டதை மட்டும் இரண்டு வரியில் கடைக்காரருக்கு வாட்ஸ்அப் செய்கிறார். எங்காவது தவறாகப் புரிந்திருந்தால் அன்றே திருத்தம் வந்துவிடும்.

சில எச்சரிக்கைகள்: சிக்னல் இல்லாத இடத்திலும் எழுத முடிகிற ஆப்பாக இருக்கட்டும். ஊரார் பாக்கிக் கணக்கெல்லாம் உள்ளே இருப்பதால் போனுக்கு லாக் கட்டாயம். தொலைந்தாலும் மீட்க பேக்கப் வேண்டும். பேச்சை ரெக்கார்டு செய்வதாக இருந்தால் எதிரில் இருப்பவரிடம் முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

அடுத்த மாதம் அதே திருநெல்வேலிக் கடை. படியேறும் முன் அந்தப் பக்கத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். கடைக்காரர் வாய் திறக்கும் முன்பே இவர் ஆரம்பித்தார்: “அண்ணாச்சி, மாத்தி அனுப்பின ஆறு டஜனும் சரியா இருந்துச்சா?”

“உட்காருங்க தம்பி” என்றவர், டீக்குச் சொல்லிவிட்டு ஆர்டர் நோட்டை எடுத்தார்.