ஒரு நாளில் மலாக்கா

சிகாமட்டிலிருந்து ஜெமந்தா, தங்காக் வழியாகப் பேருந்தில் சென்றால் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மலாக்கா நகரை அடைந்துவிடலாம். காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். விடுதியில் தங்கும் செலவும் இல்லை. ஆகவே, சிகாமட் வட்டார மாணவர்களின் கல்விச் சுற்றுலாவிற்கு மலாக்கா மிகவும் ஏற்ற நகரமாகும். ஆனால், கிடைக்கும் அந்த ஒரு நாளை எவ்வாறு பயன்படுத்துவது என்பது சிந்திக்க வேண்டிய கேள்வி.

சுற்றுலாவிற்குத் திட்டமிடுவோர் பெரும்பாலும் நீண்ட பட்டியலுடன் தொடங்குகின்றனர். ஏ பாமோசா கோட்டை, செயிண்ட் பால் குன்று, ஸ்டாட்ஹைஸ் கட்டடம், கிறிஸ்து தேவாலயம், சுல்தான் அரண்மனை அரும்பொருளகம், கடல்சார் அரும்பொருளகம், தாமிங் சாரி கோபுரம், ஆற்றுப் படகுப் பயணம், ஜோங்கர் தெரு, ஆயர் குரோ விலங்குத் தோட்டம் எனப் பத்து இடங்கள் எளிதாகச் சேர்ந்துவிடுகின்றன. கொடுத்த பணத்திற்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்பதே இதன் பின்னணியில் உள்ள எண்ணம்.

இந்தப் பட்டியலைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். காலை 9.00 மணிக்கு மலாக்காவை அடைந்து மாலை 6.00 மணிக்குப் புறப்பட்டால், கையில் இருப்பது 9 மணி நேரம். உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்தால், எஞ்சுவது 450 நிமிடம். பத்து இடங்களுக்குப் பகிர்ந்தால் ஓர் இடத்திற்கு 45 நிமிடம். 40 மாணவர்கள் பேருந்திலிருந்து இறங்கவும், நுழைவுச்சீட்டு வாங்கவும், தலைகளை எண்ணி மீண்டும் ஏற்றவும், அடுத்த இடத்திற்குச் செல்லவும் 25 நிமிடமாவது ஆகும். இறுதியில், ஓர் இடத்தைப் பார்க்க 20 நிமிடமே கிடைக்கும். அதற்குள் தம்படம் எடுக்கலாம். ஒரு கல்வெட்டைக்கூட நின்று படிக்க முடியாது.

இச்சிக்கல் மலாக்காவிற்கு மட்டும் உரியதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பானியப் பேரரசரின் தலைநகராக விளங்கியது கியோத்தோ. அந்நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் உள்ள 17 இடங்களை யுனெஸ்கோ 1994ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஒரே நாளில் அந்தப் பதினேழையும் பார்க்க முயல்பவர், பேருந்துச் சன்னலையே அதிகம் பார்ப்பார். மாறாக, கியோமிசு கோயிலிலிருந்து கியோன் பகுதிவரை கிழக்கு மலையடிவாரத்தில் நடந்து செல்பவர், நகரின் ஒரு பகுதியையாவது அறிந்து திரும்புவார். 'அகல உழுவதைவிட ஆழ உழுவதே மேல்' என்னும் பழமொழி வயலுக்கு மட்டுமன்றிப் பயணத்திற்கும் பொருந்தும்.

எனவே, ஒரு நாள் பயணத்திற்கு ஒரு கேள்வியும் ஒரு வட்டாரமும் போதும் என்பதே இக்கட்டுரை வலியுறுத்தும் கருத்து. தமிழ் கற்கும் மாணவர்களுக்கு மலாக்காவில் மிகப் பொருத்தமான கேள்வி ஒன்று உண்டு: பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இத்துறைமுகத்திற்கு வந்த தமிழ் வணிகர்கள் என்ன ஆயினர்?

இக்கேள்விக்கு விடை தேடும் பயணத்தைத் துக்காங் இமாஸ் சாலையில் தொடங்கலாம். 'துக்காங் இமாஸ்' என்றால் பொற்கொல்லர் என்று பொருள். இச்சாலையில் ஸ்ரீ பொய்யாத மூர்த்தி விநாயகர் ஆலயம் அமைந்துள்ளது. டச்சுக்காரர்கள் வழங்கிய நிலத்தில், மலாக்காச் செட்டிச் சமூகத்தின் தலைவரான தெய்வநாயகம் செட்டி 1781ஆம் ஆண்டில் இதனை எழுப்பினார். இன்றும் வழிபாடு நடைபெறும் மலேசிய இந்து ஆலயங்களுள் இதுவே மிகப் பழைமையானது எனக் கருதப்படுகிறது.

அதே சாலையில், சில அடிகள் நடந்தால் கம்போங் கிளிங் பள்ளிவாசலை அடையலாம். 1748இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் மரத்தால் கட்டிய இப்பள்ளிவாசல், 1872இல் செங்கல்லால் மீண்டும் கட்டப்பட்டது. இதற்குக் குவிமாடம் இல்லை. அடுக்கடுக்கான கூரையே உள்ளது. பாங்கு ஒலிக்கும் கோபுரம் சீனக் கோபுரத்தைப் போன்ற தோற்றம் உடையது. இன்னும் சற்று நடந்தால், 17ஆம் நூற்றாண்டில் தோன்றிய செங் ஹூன் தெங் சீனக் கோயில் வந்துவிடும். இம்மூன்று வழிபாட்டுத் தலங்களும் அருகருகே இருப்பதால், இப்பகுதியை 'நல்லிணக்கத் தெரு' என்றும் அழைப்பர். இங்கு நுழைவுக் கட்டணமும் இல்லை, பேருந்தும் தேவையில்லை. வழிபாட்டு நேரத்தை அறிந்து, அடக்கமாக உடுத்திச் செல்வதே முக்கியம். ஒரு கூரையின் வடிவத்தை மாணவர்கள் வரைந்து பார்க்கவும், ஆலயத்தில் உள்ளவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கவும் இங்கு நேரம் தாராளமாகக் கிடைக்கும்.

நண்பகல் வெயில் கடுமையானது. அந்நேரத்தில், ஆற்றைக் கடந்து ஸ்டாட்ஹைஸ் கட்டடத்திற்குச் செல்வது நல்லது. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டச்சுக்காரர்கள் கட்டிய இக்கட்டடம் இன்று அரும்பொருளகமாக விளங்குகிறது. 1511இல் போர்த்துகீசியர், 1641இல் டச்சுக்காரர், பின்னர் ஆங்கிலேயர் என மலாக்கா கைமாறிய வரலாற்றை இங்கு வரிசையாகக் காணலாம். 1511ஆம் ஆண்டு சிகாமட் மாணவர்களுக்குத் தனிப்பட்ட முறையிலும் நெருக்கமானது. மலாக்கா வீழ்ந்தபோது அங்கிருந்து வெளியேறிய பெண்டஹாரா ஒருவர், வழியில் ஓர் ஆற்று நீரைப் பருகி, 'செகார் அமாட்' (மிகவும் புத்துணர்ச்சி) என்று வியந்ததால்தான் சிகாமட் என்னும் பெயர் வந்தது என்பது வாய்மொழிக் கதை.

பிற்பகலில் செல்ல வேண்டிய இடம், நகர மையத்திலிருந்து சற்றுத் தள்ளி, காஜா பேராங் பகுதியில் உள்ள கம்போங் செட்டி. காலையில் எழுப்பிய கேள்விக்கு இங்குதான் விடை கிடைக்கிறது. வணிகம் செய்ய வந்த தமிழர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே வேரூன்றினர். அவர்களின் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். இவர்களின் வீட்டுமொழி மலாய் சார்ந்தது. பெண்களின் மரபுவழி உடை கெபாயா. ஆயினும், இவர்கள் இந்து சமயத்தை விடாது போற்றி வருகின்றனர். பொங்கலுக்கு முன்நாள் 'போகி பார்ச்சு' என்னும் பெயரில், வாழையிலையில் உணவு படைத்து முன்னோரை வணங்குகின்றனர்.

சமயம் நிலைத்தது, மொழி நழுவியது. இவ்வுண்மையை ஒரு தமிழ் மாணவர் அக்கிராமத்தின் வீதியில் நின்று உணர்வது, பாடநூலில் படிப்பதினும் ஆழமானது. ஒரு மொழி எப்படி ஒரு குடும்பத்தை விட்டு நீங்குகிறது? தம் வீட்டில் பேசப்படும் தமிழ் அடுத்த தலைமுறையிலும் இருக்குமா? இத்தகைய கேள்விகள் 20 நிமிட நிறுத்தத்தில் பிறப்பதில்லை. அதே வேளையில், கம்போங் செட்டி காட்சிப்பொருள் அன்று. மக்கள் வாழும் இடம். பள்ளி நிருவாகம் முன்கூட்டியே தொடர்புகொண்டு அனுமதி பெற்றுச் செல்வதே முறை.

இக்கருத்தைச் சிலர் மறுக்கக்கூடும். "சில மாணவர்களுக்கு இது ஒரே வாய்ப்பாக இருக்கலாம். ஏ பாமோசாவைப் பார்க்காமல் திரும்பினால் ஏமாற்றம் அடைய மாட்டார்களா?" என்று அவர்கள் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. எல்லாக் குடும்பங்களுக்கும் மீண்டும் ஒரு பயணம் செல்ல வசதி இராது. ஆனால், 2008இல் உலகப் பாரம்பரியத் தகுதி பெற்ற மலாக்காவின் மையப்பகுதி ஏறத்தாழ 45 ஹெக்டர் பரப்பு மட்டுமே. ஏ பாமோசாவில் எஞ்சியிருக்கும் ஒரே வாயில், ஸ்டாட்ஹைஸ் கட்டடத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில்தான் உள்ளது. ஆகவே, அதை விட்டுவிட வேண்டியதில்லை. விட வேண்டியவை, பயணத்தின் கேள்வியோடு தொடர்பில்லாத கோபுரமும் விலங்குத் தோட்டமும் போன்றவையே. அவை நல்ல இடங்கள்தாம். அவற்றுக்கு வேறொரு நாள் வேண்டும்.

பயணம் பயனுள்ளதாக அமைய, ஆயத்தம் சிகாமட்டிலேயே தொடங்க வேண்டும். புறப்படுவதற்கு ஒரு வாரத்திற்கு முன்னர், மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து ஆளுக்கோர் இடத்தைப் பற்றிப் படிக்கலாம். அவ்விடத்தை அடைந்ததும் அக்குழுவே மற்றவர்க்கு விளக்கலாம். செல்லவிருக்கும் நாளில் அரும்பொருளகம் திறந்திருக்குமா என்று ஆசிரியர் முன்னரே விசாரிக்க வேண்டும். சில அரும்பொருளகங்கள் திங்கட்கிழமைகளில் மூடப்படுகின்றன. மாலையில் மழை வந்தால் மாற்றுத் திட்டமும் கையில் இருக்க வேண்டும். திரும்பிய பின்னர், ஒவ்வொரு மாணவரும் தம் தாத்தா பாட்டியிடம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, வீட்டில் எந்தெந்த மொழிகள் பேசப்பட்டன என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரலாம்.

இவ்வாறு சென்று வரும் மாணவரிடம் எத்தனை இடங்களைப் பார்த்தாய் என்று கேட்டால், நான்கைந்து என்றுதான் சொல்வார். ஆனால், அந்த நான்கைந்தைப் பற்றியும் அவரால் நிறையப் பேச முடியும். பார்க்காமல் விட்ட இடங்கள் எங்கும் போய்விடவில்லை. மலாக்கா சிகாமட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில்தான் இருக்கிறது.