காலையில் ஏற்றி மாலையில் இறக்கும் சட்டி



இந்த வாரம் சமையலறைச் சாதனம் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். போதகருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். இந்தக் குளிர்தேசத்தில் உங்கள் இல்லங்களைச் சந்திக்க வரும்போதெல்லாம் நான் காண்கிற ஒரு காரியமே இதை எழுதும்படி என்னை ஏவுகிறது. நம் குடும்பங்கள் பலவற்றில் கணவனும் மனைவியும் வெவ்வேறு வேளைகளில் வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்து, கைக்குக் கிடைத்ததைத் தின்று, அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். இரவு 7 மணிக்குக் களைத்து வருகிற தாய் அதற்குப் பிறகுதான் வெங்காயம் அரியத் தொடங்குகிறாள். உணவு ஆயத்தமாகும்போது உண்ண வேண்டியவர்களுக்குப் பசி போயிருக்கும், அல்லது உறக்கம் வந்திருக்கும். குடும்ப ஜெபத்தைப் பற்றி நாம் எவ்வளவோ பேசுகிறோம். குடும்பம் ஓரிடத்தில் கூடினாலல்லவா ஜெபம்? கூட்டிச் சேர்ப்பதற்குச் சூடான உணவைப்போல எளிய வழி வேறில்லை. அதற்கு ஸ்லோ குக்கர் நல்ல துணை என்று துணிந்து சொல்கிறேன், சில நிபந்தனைகளோடு.

இந்தச் சாதனத்தின் பிறப்பு ஓய்வுநாளோடு சம்பந்தப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாதது. ஓய்வுநாளில் வீடுகளில் நெருப்பு மூட்டலாகாது என்னும் கட்டளை யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கிழக்கு ஐரோப்பாவில் வாழ்ந்த யூதர்கள் அக்கட்டளையை மீறாமல் அன்று சூடாக உண்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் இறைச்சி, பயறு, வாற்கோதுமை, உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒரே சட்டியில் இட்டு மூடி, ஊர் ரொட்டிக்கடையின் அடுப்புக்குள் வைத்துவிடுவார்கள். ரொட்டி சுட்டு முடிந்த அடுப்பின் எஞ்சிய சூட்டிலே அது இரவெல்லாம் வேகும். மறுநாள் எடுத்துவந்து குடும்பமாய் அமர்ந்து உண்பார்கள். சோலண்ட் என்பது அதன் பெயர். லித்துவேனியாவில் சிறுமியாய் இருந்த நாளில் இதைக் கண்டிருந்த ஒரு தாய், பிற்பாடு அமெரிக்காவில் தம் மகனுக்கு அதைச் சொன்னார். அந்த மகன்தான் இர்விங் நாக்சன் என்னும் பொறியாளர். உள்ளே இருக்கிற பாத்திரத்தைச் சுற்றிலும் மெல்லிய வெப்பம் பரவும்படி அவர் அமைத்த மின்சாரச் சமையற்கலத்துக்கு 1940-இல் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் ரைவல் என்னும் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. மறு ஆண்டு அதே கலம் கிராக்-பாட் என்ற பெயரில் கடைக்கு வந்தது. பெண்கள் பெருந்திரளாய் வேலைக்குப் போகத் தொடங்கிய காலம் அது, வீடுதோறும் புகுந்துவிட்டது.

ஓய்ந்திருப்பதற்காகப் பிறந்த சட்டியை இன்னும் இரண்டு மணி நேரம் கூடுதலாக உழைப்பதற்கு நாம் பயன்படுத்துகிறோம் என்றால், அது அந்தச் சட்டியின் குற்றமல்ல.

நம் மூத்த தாய்மார் சிலருக்கு இதில் மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவேன். ஆளில்லாத வீட்டில் தானே வேகிற குழம்பில் கைப்பக்குவம் எங்கே என்கிறார்கள். நம் பாட்டிமார் அணைந்த விறகடுப்பின் தணலில் மண்சட்டியை விட்டுவைத்து, விடியற்காலையில் எடுத்த மீன்குழம்பை அவர்களே புகழ்ந்தும் சொல்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை. அதே வேளையில் பிரஷர் குக்கரைத் தூக்கி எறியும்படி நான் சொல்லவில்லை. சோற்றுக்கும் துவரம்பருப்புக்கும் அதுவே சிறந்தது. ஆனால் விசில் எண்ண ஓர் ஆள் அருகே நிற்க வேண்டும். ஸ்லோ குக்கருக்கு அந்த ஆள் வேண்டாம்.

புதிதாய் வாங்குகிறவர்கள் நாலைந்து பேருள்ள வீட்டுக்கு ஏறக்குறைய 6 லிட்டர் அளவுள்ளதை வாங்கினால் போதும். பெரிதாய் வாங்கிக் கால்பாகம் நிரப்பினால் உணவு அடிப்பிடித்துப்போகும். பாதிக்குக் குறையாமலும் முக்கால் பாகத்துக்கு மிஞ்சாமலும் நிரம்பியிருப்பது நல்லது. 'லோ' என்பதில் வைத்தால் 8 மணி நேரம், 'ஹை' என்பதில் 4 மணி நேரம் என்பது பொதுவான கணக்கு. பெரும்பாலான சாதனங்களில் இரண்டும் இறுதியில் எட்டுகிற சூடு கொதிநிலைக்குச் சற்றுக் கீழேதான். அங்கே போய்ச் சேரும் வேகமே வேறுபடுகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு 'லோ'தான் ஏற்றது. இடையில் ஆவலினால் மூடியைத் திறந்து பார்க்காதிருங்கள். ஒருமுறை திறந்தால் இழந்த சூடு திரும்ப 20 நிமிடமாவது செல்லும்.

நம் சமையலுக்கு இதைப் பழக்குவதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள். ஆங்கிலக் குறிப்புகளில் உள்ளபடி எல்லாவற்றையும் பச்சையாய்க் கொட்டினால் நம் நாவுக்கு அது குழம்பாகாது. இந்தச் சட்டி வேகவைக்கும், வதக்காது. ஆகையால் வெங்காயத்தையும் இஞ்சி பூண்டு விழுதையும் மசாலாத்தூளையும் முந்தின இரவே வாணலியில் எண்ணெய் பிரிய வதக்கி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத் தப்பித்துக்கொள்ள வழியில்லை. ஆவி வெளியேறாததால் தண்ணீர் வழக்கத்தில் பாதி போதும். கிழங்கும் காரட்டும் இறைச்சியைவிட மெதுவாய் வேகும். அவற்றை அடியில் பரப்புங்கள். புளி முன்னதாகவே சேர்ந்தால் பயறு மெத்தென்று ஆகாது; பயறு வெந்த பிறகு ஊற்றுங்கள். தேங்காய்ப்பாலும் தயிரும் கடைசி அரைமணி நேரத்தில் சேர்ந்தால் திரியாது. கடுகும் கறிவேப்பிலையும் உண்ணும் வேளையில் தாளித்துக் கொட்டினால், அதுவரை உறங்கிக்கிடந்த குழம்பு விழித்துக்கொள்ளும்.

எந்த இறைச்சி என்று கேட்பீர்கள். விலை குறைந்த, கடினமான பாகம். ஆட்டின் தோள்பட்டை, கால், மாட்டிறைச்சியில் தசைநார் மிகுந்த துண்டுகள். நீண்ட நேர மிதமான சூட்டில் அந்த நார் கரைந்து குழம்பைக் கெட்டியாக்கும். இறைச்சி எலும்பைவிட்டுக் கழலும். கோழியில் தொடைப்பாகம் தாங்கும். நெஞ்சுப்பாகம் 8 மணி நேரத்தில் சக்கையாகிவிடும். மீன் வேண்டவே வேண்டாம்.

மூன்று எச்சரிக்கைகளைப் பிரசங்கத்தில் சொல்வதுபோலவே அழுத்திச் சொல்கிறேன். முதலாவது, ராஜ்மா என்று நாம் அழைக்கிற சிவப்புக் கிட்னி பீன்ஸை உலர்ந்தபடியோ ஊறவைத்தபடியோ நேரே இதில் இடாதிருங்கள். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப்பொருள் உண்டு. நன்றாய்க் கொதித்தால்தான் அழியும். ஸ்லோ குக்கரின் சூடு அதற்குப் போதாது. கடும் வாந்தியில் கொண்டுபோய் விடும். இரவெல்லாம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதிய தண்ணீரில் அடுப்பில் 30 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகு இடுங்கள். தகரடப்பாவில் வருவது முன்பே வெந்தது, பயமில்லை. இரண்டாவது, உறைந்த இறைச்சியை அப்படியே போடலாகாது. 4 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையிலே கிருமிகள் விரைந்து பெருகும். உறைகட்டி அந்த இடைவெளியில் அதிக நேரம் தங்கிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் உறை நீங்கிய பிறகே சட்டிக்கு வரட்டும். மூன்றாவது, நீங்கள் வெளியே இருந்தபோது மின்சாரம் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால், அந்த உணவை எறிந்துவிடுங்கள். உணவை வீணாக்குவது பாவம் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஆனால் பிள்ளைகளின் வயிற்றைச் சோதனைக்கூடமாக்குவது சிக்கனமாகாது.

இனி என் மனதில் பாரமாயிருக்கிற இரண்டு காரியங்களுக்கு வருகிறேன்.

இந்தச் சாதனத்தில் 'வார்ம்' என்று ஒரு பொத்தான் உண்டு. வெந்த உணவைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும். இரவுப்பணி முடிந்து 11 மணிக்குக் குளிரில் நடந்து வருகிற தகப்பனுக்குச் சூடான ஒரு கிண்ணம் காத்திருக்கும் என்றால் அந்தப் பொத்தானுக்காக நான் நன்றி செலுத்துவேன். ஆனால் வீட்டில் நால்வரும் இருக்கும்போதே ஒருவர் 6 மணிக்கும் ஒருவர் 7 மணிக்கும் வந்து கரண்டியால் அள்ளிக்கொண்டு தத்தம் திரைகளுக்குத் திரும்பிப்போக அதே பொத்தான் வசதி செய்து கொடுக்கிறது. சாப்பாடு எப்போதும் ஆயத்தமாயிருக்கிற வீட்டில் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று இல்லாமல் போய்விடலாம். எனவே சட்டியை ஏற்றுகிற நாளில் நேரத்தையும் குறித்துச் சொல்லிவிடுங்கள். எல்லா நாளும் முடியாது என்பதை அறிவேன். வாரத்தில் இரண்டு மாலை போதும்.

மற்றொன்று, இந்த இலகுவான சமையல் யாருக்கு இலகு என்பது. மாலையில் அடுப்படியில் நின்ற பெண்ணை இப்போது இரவு 10 மணிக்கும் விடியற்காலை 5 மணிக்கும் நிற்க வைத்துவிட்டு, சாதனம் வாங்கிக் கொடுத்தேனே என்று கணவன் சொல்லிக்கொள்வது நியாயமல்ல. மார்த்தாளைப் பற்றி நாம் பிரசங்கிக்கும்போதெல்லாம் அவள் அதிகமாய்க் கவலைப்பட்டாள் என்கிறோம். அவளோடு எழுந்துபோய் ஒரு பாத்திரத்தைக் கழுவியிருக்கக்கூடியவர்கள் எத்தனைபேர் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்பதில்லை. சகோதரரே, வெங்காயம் அரிவதும் வதக்குவதும் உங்களால் ஆகும். காலையில் எல்லாவற்றையும் சட்டியில் இட்டு 'லோ'வைத் திருப்புவது 12 வயதுப் பிள்ளையாலும் ஆகும். இரவில் மீந்த உணவைச் சட்டியோடு விடாமல் ஆழமில்லாத பாத்திரங்களுக்கு மாற்றி 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது யாருடைய வேலை என்பதையும் முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகும்போது உறவினருக்கு ஒன்று வாங்கிப்போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே விற்பது 120 வோல்ட்டுக்கானது. இலங்கையிலும் இந்தியாவிலும் 230 வோல்ட். செருகிய மாத்திரத்தில் எரிந்துபோகும்.

முதல் முயற்சிக்கு ஞாயிற்றுக்கிழமையைத் தெரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை இரவே மசாலாவை வதக்கி வைத்து, காலையில் கொண்டைக்கடலையோ ஆட்டிறைச்சியோ ஏற்றிவிட்டு ஆராதனைக்கு வாருங்கள். கடலையானால் இரவே ஊறட்டும்; காலையில் பிரஷர் குக்கரில் ஒரு கொதி வந்த பிறகு சட்டிக்கு மாற்றி 'ஹை'யில் வையுங்கள். இறைச்சியையும் அன்று 'ஹை'யிலேயே வைக்கலாம். 9 மணிக்கு ஏற்றினால் 1 மணிக்கு நீங்கள் கதவைத் திறக்கும்போது வாசனை வாசலில் நிற்கும். அன்று நான் பிரசங்கத்தைச் சற்று நீட்டினாலும் அது தீய்ந்துபோகாது.