நான்கு மணிப் பசிக்குப் பொறுப்பேற்போம்

பிள்ளைகள் கடைத் தின்பண்டங்களுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்று பெற்றோர் வருந்துவதை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி கேட்கிறோம். அந்த வருத்தம் நியாயமானது. ஆயினும் பழியைப் பிள்ளைகள்மீது சுமத்துவதை எங்களால் ஏற்க இயலவில்லை. ஏழு வயதுக் குழந்தை பொருள் ஈட்டுவதில்லை. அதன் கையில் இருக்கும் பத்து ரூபாய் பெரியவர்கள் கொடுத்தது. வீட்டு அலமாரியில் இருக்கும் பொட்டலம் பெரியவர்கள் வாங்கி வைத்தது. ஆகவே மாற்றமும் பெரியவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இந்தக் கரிசல் நிலத்துக்குப் பிள்ளைகளின் பசி புதிதன்று. 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது, நமக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்தில்தான். வயிற்றுப் பசியால் பள்ளிக்கு வராத பிள்ளைகளை வரவழைப்பதே அன்றைய கவலை. 1982இல் அது சத்துணவுத் திட்டமாக விரிவடைந்தது. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டு முதல் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. பொங்கல், கிச்சடி, உப்புமா, காய்கறிச் சாம்பார் ஆகியவை காலையிலும், சோறும் முட்டையும் பயறும் நண்பகலிலும் கிடைக்கின்றன. ஆக, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் இரண்டு வேளைகளுக்கு ஊரும் அரசும் பொறுப்பேற்றுள்ளன. பொறுப்பேற்க ஆளில்லாத வேளை ஒன்று உண்டு. அது பள்ளி விட்டு வரும் நான்கு மணி.

திருவேங்கடம் வட்டாரத்தில் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலுக்கும் காட்டு வேலைக்கும் செல்லும் தாய்மார் பலர். விடியலில் வீட்டு வேலையை முடித்து வேனில் ஏறுபவர் மாலையில்தான் திரும்ப இயலும். நான்கு மணிக்குப் பசியோடு வரும் பிள்ளைக்குப் பூட்டிய வீடும் திறந்த பெட்டிக்கடையுமே காத்திருக்கின்றன. இதைத் தாயின் அக்கறையின்மை என்று சொல்வோமாயின் நாம் பெரும் அநீதி இழைத்தவர்கள் ஆவோம். தந்தை, தாத்தா, பாட்டி, மூத்த பிள்ளைகள் என வீட்டார் அனைவரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய பணி இது.

பொட்டலத்தில் இருப்பது என்ன என்பதையும் அறிதல் வேண்டும். குளிர்பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லிலிட்டர் புட்டி ஒன்றில் ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரை உள்ளே போகிறது. சேர்க்கப்படும் சர்க்கரை ஒரு நாளின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள் அடங்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 1,500 கலோரி உண்ணும் சிறுவனுக்கு அது சுமார் 37 கிராம். ஒரு புட்டியிலேயே அதன் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. உடனடி நூடுல்ஸ் பலவற்றில் ஒரு பொட்டலத்துக்கு ஏறத்தாழ 2 கிராம் உப்பு உள்ளது. பெரியவர் ஒருவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்புப் போதும் என்கிறபோது, சிறு பிள்ளைக்கு இது மிகுதியே.

உடல் பருமன் ஒன்றே கேடு என்று எண்ணுதல் தவறு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை உள்ளது. வயிறு நிறைவதும் உடலுக்குச் சத்துக் கிடைப்பதும் வேறு வேறு. மைதாவும் எண்ணெயும் நிரப்பிய வயிற்றில் கீரைக்கும் பயற்றுக்கும் இடமிருப்பதில்லை. மெலிந்த பிள்ளைக்கும் இந்த அறிவுரை பொருந்தும் என்பதை வலியுறுத்த விரும்புகிறோம்.

மாற்று உணவுக்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. நம் காட்டில் விளையும் பாசிப்பயறு, உளுந்து, கம்பு, சோளம், எள், நிலக்கடலை ஆகியவையே போதும். காலையில் சோறு பொங்கும்போதே ஒரு கைப்பிடிப் பயற்றை அவித்துத் தாளித்து மூடி வைக்கலாம்; வெயில் காலத்தில் எளிதில் ஊசிப்போகும் என்பதால் அன்று வறுத்த கடலையோ பொரிகடலையோ வைப்பது நன்று. வாழைப்பழம், கொய்யா, நெல்லிக்காய், பனங்கிழங்கு, சீனிக்கிழங்கு எனப் பருவத்துக்கு ஒன்று உண்டு. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாய் நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்தது. குளிர்பானத்தைக் காட்டிலும் மேலானது. எனினும் அதிலும் இனிப்பு உண்டு என்பதால் ஒரு துண்டோடு நிறுத்துக. சிறுதானியப் பெயர் தாங்கிய பிஸ்கட்டுகளை வாங்குமுன் உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சேர்மானங்கள் அளவில் மிகுந்ததில் தொடங்கி வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். முதலில் மைதாவும் அடுத்துச் சர்க்கரையும் இருந்தால், பெயரைக் கண்டு மயங்க வேண்டாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் தடை செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தடுக்கப்பட்ட பண்டத்தின்மீதே பிள்ளையின் மனம் செல்லும். நாள்தோறும் வாங்கியதை வாரம் இருமுறை, பின்னர் ஒருமுறை எனக் குறையுங்கள். புதிய உணவைப் பிள்ளை முதல்முறை ஒதுக்கினால் சோர்வுற வேண்டாம்; பத்து முறை சுவைத்த பின்னரே ஏற்றுக்கொள்ளும் குழந்தைகள் உண்டு. நல்ல மதிப்பெண்ணுக்குப் பரிசாகத் தின்பண்டம் தருவதையும், அழுகையை அடக்கப் பொட்டலம் தருவதையும் கைவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒருவருக்கு நீரிழிவோ இரத்த அழுத்தமோ இருந்தால், அவருக்கு ஒரு சமையல், பிள்ளைக்கு ஒரு சமையல் என்று பிரிக்காதீர்கள். உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் குறைந்த உணவு இருவருக்கும் நன்று. தந்தை புரோட்டாவும் குளிர்பானமும் உண்டுகொண்டே மகனுக்குக் கீரையைக் காட்டினால் மகன் கீரையை உண்ணமாட்டான்.

பள்ளி வாயிலையும் கவனித்தல் வேண்டும். கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுகளைப் பள்ளிக்குள்ளும், வாயிலிலிருந்து 50 மீட்டர் தொலைவுக்குள்ளும் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020இல் விதி வகுத்துள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் இதனை எழுப்பலாம். சிறு வியாபாரியின் பிழைப்பைக் கெடுப்பது நம் நோக்கமன்று. அவரே சுண்டலும் அவித்த கடலையும் பழமும் விற்றால் நாம் வாங்குவோம் என்று முதலில் சொல்வோம்.

இறுதியாக, இங்கு வரும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயாளியைப் பார்க்க வரும்போது பிஸ்கட்டும் அடைத்த பழச்சாறும் வாங்கி வருவது அன்பின் அடையாளமாகிவிட்டது. அவற்றுள் பெரும்பகுதி உடன் இருக்கும் பிள்ளைகளின் வயிற்றுக்கே செல்கிறது. மருத்துவர் தடுக்காதவிடத்துப் பழங்களை வாங்கி வாருங்கள். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுக் கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்தே கொடுக்க வேண்டும். நீரிழிவு, சிறுநீரக நோய், உணவு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் உணவை மருத்துவரைக் கேட்காமல் மாற்ற வேண்டாம். பருமனான பிள்ளையைப் பட்டினி போடவும் வேண்டாம். அதன் உடலைச் சொல்லிக் கேலி செய்யவும் வேண்டாம்.

பிள்ளைகள் பசியின்றிப் படிக்க வேண்டும் என்பதற்காக நம் முன்னோர் உழைத்தனர். பள்ளி தரும் இரண்டு வேளை உணவின் பயனை மாலைப் பொட்டலம் குறைத்துவிடாமல் காப்பது நம் கடன். நாளை நான்கு மணிக்குப் பிள்ளை என்ன உண்ணும் என்பதை இன்றிரவே வீட்டில் கூடிப் பேசுங்கள்.