வரையாமல் விட்ட நதி

ரோம் நகரின் வடமேற்கில் உள்ள மோன்ட்டே மாரியோ குன்றில் நின்றால் கீழே டைபர் நதி வளைந்து போவது தெரியும். 1640 வாக்கில் ஓர் ஓவியர் அதை 26.8 செ.மீ. அகலமும் 18.5 செ.மீ. உயரமும் கொண்ட ஒரு தாளில் பிடித்தார். சாதனங்கள்: தூரிகை, பழுப்பு மை, தண்ணீர்.

மை அடர்ந்த இடத்தில் மரக் கூட்டம். அதே மையைத் தண்ணீரில் கரைத்து இழுத்த இடத்தில் தொலைதூரச் சமவெளி. நதியை அவர் வரையவே இல்லை. தாளை வெறுமனே விட்டுவிட்டார். அதுவே தண்ணீராக மின்னுகிறது. எண்ணெய் வண்ணத்தில் தவறு நேர்ந்தால் சுரண்டி எடுக்கலாம், மேலே பூசி மறைக்கலாம். மையில் அதெல்லாம் நடக்காது. கை தயங்கிய இடம் கறையாக நின்றுவிடும். சீன ஓவியம் என்று சொல்லிக் காட்டினால் நம்புகிறவர்கள் இருப்பார்கள்.

வரைந்தவர் க்ளோத் ஜெல்லே. சொந்த ஊர் லொரேன் பகுதியில் இருந்ததால் உலகத்துக்கு க்ளோத் லொரேன். இளவயதில் இத்தாலி போனவர், 1682இல் ரோமிலேயே இறந்தார். மாவுப் பண்டம் செய்யக் கற்றவர் என்று ஒரு பழங்கதை உண்டு. விடியுமுன் வயல்வெளிக்குப் போய் இரவு வரை கிடப்பார் என்று எழுதி வைத்தவர், உடன் பழகிய ஜெர்மன் ஓவியர் ஸான்ட்ரார்ட்.

புகழோடு தொல்லையும் வந்தது. ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்காக அவர் வரைந்துகொண்டிருந்தபோதே, அதைப் பார்த்துக் காப்பியடித்த படங்கள் அவர் பெயரில் ரோமில் விலை போயின. விற்கும் படத்தையெல்லாம் ஒரு நோட்டில் வரைந்து வைக்க ஆரம்பித்தார். யாராவது சந்தேகத்தோடு ஒரு படத்தைக் கொண்டுவந்தால் நோட்டைப் புரட்டிக் காட்டுவாராம். 'லிபர் வெரிடாட்டிஸ்', உண்மையின் புத்தகம் என்று பின்னாளில் பெயர் பெற்ற அதில் சுமார் 195 சித்திரங்கள்.

டைபர் காட்சி அதில் இல்லை. அது யாருக்கும் விற்ற படத்தின் பதிவல்ல. வாடிக்கையாளருக்கான படங்களில் புராண மாந்தர்களோ ஆடு மேய்ப்பவர்களோ அவசியம் நிற்பார்கள். நிலக்காட்சிக்குத்தான் காசு, உருவங்கள் இனாம் என்று அவரே வேடிக்கையாகச் சொல்வது வழக்கம் என்பார்கள். (உருவம் வரைவதில் அவர் சுமார்தான்.) இந்தத் தாளில் அந்த இனாம் தேவைப்படவில்லை. போலி செய்பவனுக்கும் இதில் லாபமில்லை; அன்றைய சந்தையில் இதற்கு விலை ஏது? எண்ணெய் ஓவியங்களில் சாவகாசமாகப் பரப்பிய வெளிச்சத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் என்பது இங்கேதான் பிடிபடுகிறது.

ரிச்சர்ட் பெய்ன் நைட் என்ற சேகரிப்பாளரின் உயில்படி 1824இல் இது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு வந்தது. உண்மையின் புத்தகம் டெவன்ஷயர் பிரபு குடும்பத்தின் வாரிசு வரிக்கு ஈடாக, 1957இல் அதே கட்டிடத்துக்கு வந்து சேர்ந்தது.